குடியாத்தம் பக்கம் ஒரு வைகாசிப் பௌர்ணமி

வைகாசிப் பௌர்ணமிக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டமெல்லாம் திருவண்ணாமலை பஸ்ஸைத் தேடி ஓடிக்கொண்டிருக்க, நான் குடியாத்தம் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிகொண்டா தாண்டி உள்ளே போனால் ஒரு ஊரில் சின்னதாகப் புத்த விகார் ஒன்று இருக்கிறது, புத்த பூர்ணிமாவுக்கு பந்தே (புத்த பிக்குவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) வந்து தம்மம், அதாவது புத்தர் போதனை, சொல்கிறார், நீயும் வா என்று ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். வெயில் கேட்கவே வேண்டாம், வேலூர் வெயில்.

விகார் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கூடம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய மேடையில் புத்தர், பக்கத்துச் சுவரில் கோட்டு போட்ட அம்பேத்கர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் பௌத்த தீட்சை எடுத்த படமும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஜெய்பீம், நமோ புத்தாய என்று வரவேற்கிறார்கள், பாயைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். சிறப்பு தரிசனத்துக்கு ஒரு வரிசை, தர்ம தரிசனத்துக்கு ஒரு வரிசை என்று நின்றே பழகிய எனக்கு, யாரும் எதுவும் கேட்காமல் முன்வரிசையில் உட்கார வைத்தது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், கொல்லாதே, திருடாதே என்று போகிற ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலமும் சொல்லி முடித்ததும் சாப்பாடு. மதியம் பன்னிரண்டுக்கு மேல் பிக்குகள் சாப்பிடுவதில்லை என்பதால் அதில் மட்டும் ஒரு அவசரம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க் குழம்பு, கீரை, மோர் என்று ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து கொண்டுவந்து பந்தேவுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். அவர் தொடவில்லை. குழம்பு வாசம் எனக்கே வயிற்றைக் கிள்ளுகிறது, அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் ஒரு அம்மா எழுந்துபோய் ஒவ்வொரு பாத்திரமாக இரண்டு கையாலும் தூக்கி நீட்ட, அவர் வாங்கி வைத்துக்கொண்டார். தண்ணீரையும் பல் குச்சியையும் தவிர கையில் கொடுக்காத எதையும் பிக்கு வாயில் போடக் கூடாது என்பது பிக்குகளின் ஒழுங்குமுறையான விநயத்தில் உள்ள விதியாம். யாராவது மனம் வைத்து எடுத்துக் கொடுத்தால்தான் அன்றைக்குச் சோறு.

சாப்பாடு ஆனதும் ஒரு பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து, நாம் ஐயருக்குத் தட்சணை கொடுப்போமே அந்த மாதிரி, பந்தே கையில் வைக்கப் போனார். அவர் கையை மெல்ல மடித்துக்கொண்டு சிரித்தார். பணம் வாங்கவும் கூடாது, தனக்கென்று வாங்கி வைக்கச் சொல்லவும் கூடாது. பொறுப்பாளராக இருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்து, "ஐயா, அதோ உண்டியல், இஷ்டம் இருந்தா போடுங்க, இல்லாங்காட்டியும் ஒண்ணும் இல்ல" என்று கூட்டிப்போனார்.

இதைப் பார்த்துத்தானோ என்னவோ, பேச்சு ஆரம்பிக்கும் முன்பே குழம்பு கொண்டுவந்த அம்மா கேட்டுவிட்டார்: "பந்தே, நீங்க இம்மாந்தூரம் வந்து சொல்லித் தர்றீங்க, அதுக்கு நாங்க இன்னா குடுக்கணும்?"

பந்தே ஒரு கதை சொன்னார். மகதத்தில் ஏகநாளம் என்கிற ஊரில் காசி பாரத்வாஜர் என்று ஒரு பிராமணர், ஐந்நூறு ஏர் பூட்டி விதைப்பு நடக்கிற நாளில் புத்தர் பிச்சைப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார். நான் உழுகிறேன், விதைக்கிறேன், அப்புறம்தான் சாப்பிடுகிறேன், நீரும் உழுது சாப்பிடும் என்கிறார் அவர். நானும் உழவன்தான், நம்பிக்கை என் விதை, தவம் மழை, ஞானம் என் நுகமும் ஏரும் என்று புத்தர் பதில் பாட்டாகச் சொல்ல, அவர் அசந்துபோய்ப் பெரிய வெண்கலக் கிண்ணத்தில் பால்சோறு கொண்டுவந்து நீட்டுகிறார். புத்தர் வாங்கவில்லை! பாட்டுச் சொல்லிக் கிடைக்கிற சோறு எனக்கு ஆகாது என்றுவிட்டார். கிணற்றுப் பாசனத்தில் காலம் தள்ளுகிற ஜனங்கள் நிறைந்த கூடம், கதை உள்ளே போனது முகங்களிலேயே தெரிந்தது.

எனக்கு இது அன்று பூராவும் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் முன்புதான் கத்திரிக்காய்க் குழம்பை வாங்கிச் சாப்பிட்டார், அது தானம். அதே குழம்பை இந்தக் கதைக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார். விலை என்று வைத்துவிட்டால் கொடுத்தவன் வாடிக்கையாளன், அவனுக்குப் பிடித்ததைத்தான் சொல்ல வேண்டி வரும். விலை இல்லாததால்தான் அந்த மனிதரால் குடிக்காதே, பொய் சொல்லாதே என்று முகத்துக்கு நேராகச் சொல்ல முடிகிறது என்று எனக்குப் படுகிறது.

நண்பர் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போய் வந்தவர். 1969இல் பர்மாவிலிருந்து வந்து இந்தியாவில் அந்த வகுப்புகளைத் தொடங்கிய கோயங்காவின் ஏற்பாட்டில் தங்க, சாப்பிட, கற்க எதற்கும் கட்டணம் கிடையாது. பத்து நாளும் முழுசாக முடிக்காதவரிடம் நன்கொடையே வாங்க மாட்டார்கள். "உன் சாப்பாட்டுக்கு முன்னாடியே யாரோ குடுத்துட்டான், நீ குடுக்கிறது அடுத்து வர்றவனுக்கு" என்றார் நண்பர். யார் கொடுத்தது என்று தெரியாது, அதனால் நன்றி சொல்லவும் ஆள் கிடையாது.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஆரம்பித்த வாரப் பத்திரிகைக்குப் பெயரே ஒரு பைசாத் தமிழன், பௌத்தம் பேசிய பத்திரிகை. அவருடைய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு வலுவான கிளை ஒன்று கோலார் தங்கவயலில் இருந்தது, அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் வட ஆர்க்காட்டிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் எக்கச்சக்கம். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1926இல் தமிழன் மறுபடி வெளிவந்ததும் தங்கவயலிலிருந்துதான். சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்துத் தம்மத்துக்குக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூடத்திலும் இருக்கலாம்.

பந்தே இன்னொரு கதையும் சொன்னார், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. உபாலி என்கிற சமண இல்லறத்தார் புத்தரிடம் வந்து சேர்ந்தபோது, உன் வீடு இத்தனை காலம் நிகண்டர்களுக்கு, அதாவது சமணத் துறவிகளுக்கு, கிணறு மாதிரி இருந்திருக்கிறது, அவர்கள் வந்தால் தொடர்ந்து சோறு போடு என்றாராம் புத்தர். வள்ளிமலையில் சமணர் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது யாரோ எவரோ பற்றிய கதை இல்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று வந்து சாப்பிட்டுவிட்டு, பேச்சுக்கு முன்பே நழுவியவர்களும் இருந்தார்கள். வாத்தியார் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் ஒரு கரும்பலகை, அதில் கரண்ட் பில், தண்ணீர் கேன், பந்தேவின் பஸ் செலவு என்று சாக்பீஸில் எழுதி, உண்டியல் எண்ணிய தொகையைக் கீழே போட்டிருந்தார். யார் எவ்வளவு போட்டார் என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. ஃபேனில்கூட உபயம் எழுதவில்லை. செலவை மறைக்காமல் எழுதிப்போட்டு, கொடுத்தவர் பெயரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப்பட்டது. பெரிய இடங்களில் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்.

உண்டியலில் என்னால் ஆனதைப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது வாத்தியார் பிடித்துக்கொண்டார். பந்தே பேச்சுகளை இலவசமாகக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்களாம், பேப்பர் செலவைக் குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஏற்றுக்கொண்டார், பிழை திருத்தத்தான் ஆள் இல்லை. ஒற்றுப்பிழை பார்ப்பீங்களா சார் என்று கேட்டார். சரி என்று தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே ஏழெட்டு இருக்கிறது.