காட்பாடியில் ஏறிச் சித்தூரில் இறங்குவது போல

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தங்கை வீட்டில் இருந்த நாட்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, காலையில் ரயிலேறி சுவீடனின் மால்மோவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியதுதான். காட்பாடியில் ஏறிச் சித்தூரில் இறங்கினால் பெயர்ப்பலகையெல்லாம் தெலுங்காகிவிடுமே, அதே மாதிரி இங்கே டேனிஷ் போய் சுவீடிஷ் வந்துவிடுகிறது. முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

விமான நிலையம் தாண்டியதும் ரயில் கடலுக்கடியில் 4 கி.மீ. சுரங்கத்துக்குள் போகிறது, அப்புறம் மனிதர்களே உண்டாக்கிய ஒரு தீவு, அங்கிருந்து கிட்டத்தட்ட 8 கி.மீ. பாலம். 2000-இல் திறந்தது. மேல்தட்டில் கார்கள், கீழே ரயில். ஜன்னலில் சாய்வான இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஓட, நடுநடுவே சாம்பல் நிறத் தண்ணீர். பாலாற்றுப் பாலத்திலிருந்து மணலையே பார்த்து வளர்ந்தவள் நான், கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், சோதனை உண்டு. பணமும் வேறு, இரண்டுக்கும் குரோனா, குரோன் என்று பெயர் மட்டும்தான் ஒரே மாதிரி.

மால்மோவின் பெரிய சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். குளிர்காற்றில் சில்லிட்டுப் போயிருந்தது, ஆனாலும் கடலைப்பருப்பு மொறுமொறுப்பு போகவில்லை. வேலூரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: “வேற நாட்டுக்குப் போயிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவீங்களாடி?”

வந்துவிட்டோம்.