ஈ30-க்குக் குட்டை ஸ்பிரிங்: வேலை நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

ஸ்பிரிங் செட் வந்துவிட்டது. வண்டி 1989 பி.எம்.டபிள்யூ 318ஐ. ஈ30 என்பது அந்தத் தலைமுறை 3 சீரிஸின் கம்பெனிக் குறியீடு. பெட்டியில் வண்டி 35 மி.மீ. இறங்கும் என்று போட்டிருக்கிறது. 60 மி.மீ. செட்டும் கிடைத்தது, தொடவில்லை. காரணத்தைக் கணக்கோடு நாளைக்கு எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன் உயரம் அளந்து வைத்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்குக்குள் புகுந்துவிடும். அதனால் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளவு. பின்பக்கம் இடது, வலதைவிட 6 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடச் சுமை, ஸ்பிரிங் தளர்ந்து போனதில் வியப்பில்லை.

"புதுசு எதுக்கு, இருக்கிறதிலேயே ஒரு சுற்றை அறுத்துவிட்டால் போச்சு" என்றார் நண்பர். அறுத்தால் வண்டி இறங்கும், உண்மைதான். எட்டுச் சுற்று ஏழானால் ஸ்பிரிங் சுமார் 14 சதவீதம் விறைப்பும் ஆகும். ஆனால் அறுத்த முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. நெருப்புக் காட்டி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும். அந்தப் பேச்சை அதோடு முடித்தோம்.

எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

ஜூன் 2, ஞாயிறு

முதலில் பின்பக்கம். ஈ30-ல் இது சுலபமான பக்கம். டாம்பர் (ஷாக் அப்சார்பர்) தனி, ஸ்பிரிங் தனி. பின் சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து, ஸ்டெபிலைசர் (சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க், டாம்பரின் கீழ் போல்ட் இரண்டையும் கழற்றி, ஜாக்கை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரெஸ்ஸர் தேவையில்லை. கண் மட்டும் பிரேக் ஹோஸ் மேலேயே இருக்க வேண்டும். ஆர்ம் தொங்கும்போது அது விறைத்து இழுபடக் கூடாது.

ஸ்பிரிங் இல்லாத இந்த நேரம்தான் எனக்கு முக்கியம். டாம்பரைத் திரும்ப மாட்டி, ஆர்மை ஜாக்கில் உயர்த்திப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கிருந்து பம்ப் ஸ்டாப் (கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும்வரை சக்கரம் எவ்வளவு மேலே போகிறது என்று அளந்தேன். 80 மி.மீ. அதில் 35-ஐக் கழித்தால் மிச்சம் 45.

ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அமுங்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. 80-ல் வாங்கியதை 45-ல் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றைப் போட்டால் வண்டியில் உட்கார முடியாது. 30 சதவீதம் விறைப்பு கூடியது என்று வைத்தாலும், பழைய அளவில் நாற்பது சதவீதம்தான் ஸ்பிரிங்கின் பங்கு. மீதியை டாம்பரும் பம்ப் ஸ்டாப்பும் சுமக்க வேண்டும். 60 மி.மீ. இறக்கியிருந்தால் மிச்சம் வெறும் 20. அது சஸ்பென்ஷன் இல்லை, ரப்பர் கட்டை மேல் ஓடும் வண்டி. எவ்வளவு இறங்கியது என்று கேட்கிறவர்கள் எவ்வளவு மிச்சம் என்று கேட்பதே இல்லை.

ஸ்பிரிங்கோடு குட்டை டாம்பரும் வாங்கியது இதனால்தான். பில்ஸ்டீன் போன்ற டாம்பர் தயாரிப்பாளர்கள் இதை இரண்டு வகையாகவே விற்கிறார்கள்: பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய வண்டிக்கு. பழைய நீள டாம்பரில் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கினால், ஆர்ம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் கிண்ணத்தைவிட்டுக் கழன்று ஆடக்கூடும்.

மேலும் கீழும் புது ரப்பர் பேட். டாம்பர் தண்டில் ஒரு சின்ன கேபிள் டை கட்டிவிட்டேன். ஓட்டிய பிறகு அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு தூரம் செலவானது என்று தெரியும்.

ஜூன் 8, சனி

முன்பக்கம். இங்கே டாம்பர் குழாயும் சக்கரம் மாட்டும் அச்சும் ஒரே துண்டு, அதனால் பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, ஸ்டியரிங் ராடையும் பால் ஜாயின்டையும் பிரித்து, பானெட்டுக்குள் இருக்கும் மூன்று நட்டையும் எடுத்தால்தான் ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் வெளியே வரும்.

பழைய ஸ்பிரிங்கை அமுக்கக் கம்ப்ரெஸ்ஸர் கட்டாயம். எதிரெதிராக இரண்டு கொக்கி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. மேல் நட்டுக்கு நேராக முகம் வைக்கக் கூடாது.

குழாயின் வாயில் இருக்கும் பெரிய வளைய நட்டு எண்ணெய்க்கு மசியவில்லை. விளிம்பைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி, நீளக் குழாய் ஸ்பேனர் போட்டதும் ஒரு கிறீச் சத்தத்தோடு இளகியது. உள்ளே பழைய டாம்பர் எண்ணெய் கருத்துப்போய்க் கிடந்தது. துடைத்துவிட்டு, புது கார்ட்ரிட்ஜை (குழாய்க்குள் போகும் டாம்பர்) இறக்குமுன் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றினேன். கார்ட்ரிட்ஜின் சூட்டைக் குழாய்க்குக் கடத்த அது வேண்டும்.

புது ஸ்பிரிங்குக்குக் கம்ப்ரெஸ்ஸரை லேசாக முறுக்கினாலே போதுமாக இருந்தது. முனை கிண்ணத்தின் தடுப்பில் இடிக்கிறதா என்று பார்த்து, மேல் நட்டை முறுக்கிய பிறகு ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அப்பாடா.

ஜூன் 9, ஞாயிறு

வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம்தான் டிரெய்லிங் ஆர்ம் போல்ட்டுகளையும் டாம்பரின் கீழ் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். இந்த இணைப்புகளில் இருக்கும் புஷ்கள் ரப்பரும் உலோகமும் ஒட்டியவை. அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் பொய் சொல்லும்.

ஓட்டிப் பார்த்தேன். திருப்பத்தில் சாய்வு குறைந்திருக்கிறது. சாலையில் சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட இடங்கள் முன்பைவிடத் தெரிகின்றன.

ஜூன் 16, ஞாயிறு

ஸ்பிரிங் படிந்துவிட்டது. முன்பக்கம் போன வாரம் 31 மி.மீ. இறங்கியிருந்தது, இப்போது 35. பின்பக்கம் 34. இடது வலது வித்தியாசம் 6-லிருந்து 2 ஆகியிருக்கிறது. கேபிள் டை பம்ப் ஸ்டாப் வரை போய் அதையும் கொஞ்சம் அமுக்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.

வண்டி இறங்கியிருப்பதால் ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துச் சரிசெய்தேன்.

ஜூன் 22, சனி

அலைன்மென்ட். முன்பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியாகிவிட்டது. பின்பக்கம் செமி டிரெய்லிங் ஆர்ம் என்பதால், வண்டி இறங்க இறங்கச் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோ-இன், அதாவது சக்கரத்தின் முன்முனை உள்ளே திரும்புவதும் கூடும். கம்பெனி அமைப்பில் இதைத் திருத்த வழியே இல்லை. பின் கேம்பர், அதாவது அந்தச் சாய்வு, மைனஸ் 2 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. அதை விட்டுவிடலாம். டோ-இன் அதிகம் என்பதுதான் டயரைத் தின்னும். துளை நடுவில் இல்லாத எக்சென்ட்ரிக் புஷ் போட்டால் திருத்திக்கொள்ளலாம். எப்படியும் பழைய புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறது, ஆர்டர் கொடுத்துவிட்டேன்.