உபுண்டுவில் தமிழ் எழுத்துருக்களை இடம் பிரித்து அடுக்கியது

கணினி உபுண்டு 24.04, அதில் இரண்டு பயனர் கணக்குகள். பல வருடங்களாகக் கிடைத்த இடத்திலெல்லாம் கொட்டிய எழுத்துருக்கள். லிப்ரே ஆபிஸில் ஃபான்ட் பட்டியலைத் திறந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் மட்டுமே பக்கக்கணக்கில் ஓடுகிறது. ஆங்கிலத்துக்கு ஒன்றைத் தேடிப் பட்டியலில் தடுக்கி விழுந்தால் கையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எதையும் நீக்காமல், இடத்தை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் சோதனை.

லினக்ஸில் எழுத்துரு குடியிருக்கும் இடங்கள் மூன்று. யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ் என்பது மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் பேக்கேஜ் மேனேஜருக்குச் சொந்தம், அங்கே நாம் கை வைக்கக் கூடாது. யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் என்பது நாமே இறக்கி, எல்லாப் பயனருக்கும் பொதுவாக வைப்பதற்கு. பயனரின் சொந்த ஃபோல்டரான ஹோமுக்குள் இருக்கும் .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் ஒரு பயனருக்கு மட்டும். கோப்பை டபுள் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் போய்ச் சேருவது இந்த மூன்றாவது இடத்துக்குத்தான். அதனால்தான் ஒரு கணக்கில் தெரிவது இன்னொன்றில் தெரிவதில்லை. ஹோமில் .ஃபான்ட்ஸ் என்ற பழைய ஃபோல்டர் இருந்தால் அதிலுள்ளதையும் மூன்றாவதற்கு மாற்றிவிடலாம். அந்த வழக்கம் காலாவதியாகிவிட்டது.

முதல் வேலை, முதல் இடத்தில் அத்துமீறிக் குடியேறியவற்றைக் கண்டுபிடிப்பது. ‘டிபிகேஜி -எஸ்’ கட்டளையில் எஸ் பெரிய எழுத்து. அதன் பின் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று சொல்லும். யாருக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தால் அது நாம் போட்டது. அதை இரண்டாவது இடமான யூஎஸ்ஆர்/லோக்கலுக்கு நகர்த்த வேண்டும். அங்கேயே விட்டால், அதே பெயரில் பேக்கேஜ் ஒரு கோப்பைக் கொண்டுவரும் நாளில் நம்முடையது மேலெழுதப்படும்.

நோட்டோ நீளமாக ஓடியதற்குக் காரணம் வேறு. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கும் ஜிப்பில் ‘ஸ்டாட்டிக்’ என்றொரு ஃபோல்டர் உண்டு. 9 தடிமன், 4 அகலம், ஆக 36 கோப்புகள். கூடவே எல்லாத் தடிமனையும் அகலத்தையும் ஒன்றிலேயே அடக்கிய வேரியபிள் கோப்பு ஒன்று. இதற்கு மேல், ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பேக்கேஜ் ரெகுலரையும் போல்டையும் ஏற்கெனவே போட்டிருக்கும். கட்டுரை தட்டச்சுக்கு அந்த இரண்டே தாராளம். கூடுதல் தடிமன் வேண்டுமென்றால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-எக்ஸ்ட்ராவைப் போட்டுக்கொள்ளலாம். இறக்கிய 37 கோப்புகளையும் எழுத்துரு ஃபோல்டருக்கு வெளியே கொண்டுபோனதும் பட்டியல் பாதியானது போல இருந்தது.

அடுத்தது பழைய குறியாக்கம், இதில்தான் நேரம் போனது. பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தது. ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் ‘தமிழ்’ தெரியும். உள்ளே சேமிப்பாவது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எனவே கணினியின் கண்ணில் இது ஓர் ஆங்கில எழுத்துரு. லிப்ரே ஆபிஸிலும் யூனிகோட் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ்’ பிரிவு எழுத்துருவை எடுக்கும், பாமினி உரையோ ‘வெஸ்டர்ன்’ பிரிவை எடுக்கும். ஸ்டைலில் வெஸ்டர்னுக்குப் பாமினியைக் கொடுத்துவிட்டால் அந்த ஆவணத்தின் ஆங்கிலமெல்லாம் உளறலாகும்.

பிரித்தெடுக்க எளிய வழி: ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளைக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி, லாங், சமக்குறி, டிஏ. தமிழ் யூனிகோட் எழுத்துகள் உள்ளவை மட்டும் பாதையோடு வரும். பாமினி வராது. டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்தின் எழுத்துருக்கள் வராது. யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் எழுத்துகளை வைக்கும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தை மட்டும் கொண்டவையும் வராது. ஓர் எச்சரிக்கை: யூனிகோட் எழுத்துருவாகவே இருந்து, தேவையான எழுத்தில் ஒன்று குறைந்தாலும் இந்தப் பட்டியலில் இடம் கிடைக்காது. விடுபட்டதையெல்லாம் பழசு என்று முத்திரை குத்தாமல் கோப்பின் விவரம் காட்டும் ‘எஃப்சி-குவெரி’ போட்டு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கணினியின் எழுத்துருத் தேடல் உள்ஃபோல்டர்களுக்குள்ளும் போகும் என்பதால் எத்தனை அடுக்கு வைத்தாலும் பாதகமில்லை. (விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இந்தச் சுகம் கிடையாது.) ஹோமிலுள்ள எழுத்துரு ஃபோல்டருக்குள் மூன்று ஃபோல்டர்கள் போதுமானதாக இருந்தன: யூனிகோட், பழையது, சோதனை. முக்கியமான தந்திரம் இங்கே இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை எழுத்துருத் தேடல் கண்டுகொள்வதில்லை. ‘பழையது’ என்ற பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதிலுள்ள அத்தனையும் மெனுவிலிருந்து மறையும், எடுத்தால் திரும்ப வரும். பயனர் கான்ஃபிக் கோப்பில் ‘ரிஜெக்ட்ஃபான்ட்’ எழுதியும் இதையே செய்யலாம், ஆனால் ஒரு டேக் தப்பினாலும் தடை வேலை செய்யாது. புள்ளியே மேல்.

பொது இடத்துக்கு நகர்த்தியவற்றில் சில, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு பட்டியலிட்டால் தெரிந்தன, சாதாரணமாகப் பட்டியலிட்டால் தெரியவில்லை. அனுமதிதான் சிக்கல்: கோப்பின் அனுமதி எண் 600 என்றிருந்தால் உரிமையாளர் தவிர யாராலும் படிக்க முடியாது. கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 வேண்டும். இதைச் சரிசெய்யும் ‘சிஎச்மாட் -ஆர்’ கட்டளையில் ஆர் பெரிய எழுத்து, அனுமதி ஏ+ஆர்எக்ஸ். இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. சிறிய எக்ஸ் போட்டால் எழுத்துருக் கோப்புகளுக்கும் இயக்கும் அனுமதி கிடைத்துவிடும்.

கடைசியாக, கணினி சேமித்து வைத்திருக்கும் எழுத்துருப் பட்டியலான கேஷைப் புதுப்பிக்க ‘எஃப்சி-கேஷ் -எஃப்வி’. எஃப் கட்டாயமாகத் திரும்பப் படிக்கும், வி எந்த ஃபோல்டரில் எத்தனை என்று காட்டும். அதன் பிறகும் லிப்ரே ஆபிஸின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். மென்பொருளைத் தனிப்பெட்டிக்குள் ஓட்டும் ஃபிளாட்பேக் வழியாகப் போட்டதென்றால் இன்னொரு வம்பு: எழுத்துரு ஃபோல்டரில் வேறிடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் கொடுத்திருந்தால் அதற்கு அது தெரியாது, உண்மையான கோப்பே அங்கே இருக்க வேண்டும்.

பாமினி மறைந்திருக்கும்போது பழைய ஆவணம் ஒன்றைத் திறந்தால், எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் சாய்வெழுத்தில் நிற்கும், உரை ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். பதற வேண்டாம், எழுத்து எதுவும் கெடவில்லை. ஆனால் எழுத்துரு மாற்று அட்டவணையில் பாமினிக்குப் பதில் நோட்டோவைக் கொடுத்துப் பயனில்லை. அடியில் கிடப்பது ஆங்கிலக் குறிகள், அவற்றை யூனிகோடாக மாற்ற மாற்றிதான் வேண்டும். அதுவரை புள்ளியை எடுத்து, கேஷைப் புதுப்பித்து, படித்து முடித்ததும் திரும்பப் புள்ளி.