விரல் வரிகள் பதிந்த சாடி

வரவேற்பறையின் வெள்ளைச் சுவரருகே, கையால் வனைந்த ஒரேயொரு சாடியை வைத்த பிறகுதான், அங்கிருந்த மற்ற அலங்காரப் பொருள்களில் பாதி தேவையற்றவை என்பது எனக்குப் புரிந்தது. சக்கரத்தில் சுழலும்போது விரல்கள் விட்டுச் சென்ற வரிகளும், சூளையில் சுமார் 1200 பாகை செல்சியஸில் உருகிக் கண்ணாடியாகிய மேற்பூச்சு, மேடுகளில் மெலிந்தும் பள்ளங்களில் தேங்கி அடர்ந்தும் நிற்கும் அழகும், பக்கவாட்டில் ஒளி விழும்போதே துலங்குகின்றன. பூச்சில் கலந்த சிறிதளவு இரும்பு, சூளையில் ஆக்சிஜன் மிகுந்தால் பழுப்பாகவும் குறைந்தால் இளம்பச்சையாகவும் தோன்றக்கூடும் என்பதால், அச்சு அசலான இணையை எதிர்பார்ப்பவர்கள் (நானும் ஒருகாலத்தில் அப்படித்தான்) ஏமாறுவார்கள். மேற்பூச்சின்றிக் குறைந்த வெப்பத்தில் சுட்ட பாண்டங்களில் நீர் கசியுமாதலால், அவற்றில் உலர்ந்த கிளைகளை மட்டுமே வைக்கிறேன்.