நடுகல் காதல் கதை – நீர்ப்படை வரைக்கும் வந்தாச்சு

கொஞ்ச நாளா எழுதிட்டு இருக்குற ஃபேன்டசி காதல் கதை பாதிக்கு வந்துருச்சு. ரெண்டு ஆம்பளைங்களோட காதல், லேசா பேய்க்கதை சாயல் இருக்கும், ஆனா ரத்தம் தெறிக்குற டைப் இல்ல. பல்லவர் காலத்துல செங்கம் பக்கம் நடக்குது. மாடு மீட்கப் போய் செத்த கடம்பனுக்கு நல்லன்னு ஒரு கல்தச்சன் நடுகல் செதுக்குறான், கல்லு நட்டு முடியுற வரைக்கும் கடம்பனுக்குப் போக இடம் இல்ல, அதனால ராத்திரியானா பட்டறைல வந்து உக்காந்துக்குறான்.

அத்தியாயத்துக்கெல்லாம் நடுகல் நடுறதுக்குத் தொல்காப்பியம் சொல்ற சடங்கு வரிசையே வச்சுட்டேன்: காட்சி, கால்கோள், நீர்ப்படை (கல்லை நீராட்டுறது), நடுதல், பெரும்படை, வாழ்த்து. இப்போ மூணாவது முடிஞ்சுது.

ரெண்டு பேருமே நல்லவங்க, வில்லனே கிடையாது, அப்புறம் இருட்டு எங்கேருந்து வரும்னு ரொம்ப யோசிச்சேன். அந்த நல்ல மனசுலேருந்தே வரட்டும்னு விட்டதும் கதை தானா ஓட ஆரம்பிச்சுது. கடம்பன் வந்துட்டுப் போற ஒவ்வொரு ராத்திரியும் நல்லனுக்குக் கண்ணு கொஞ்சம் மங்குது. அவன் வெளிய சொல்லல, கல்லுல பேரை மட்டும் வெட்டாம இழுத்துட்டே இருக்கான், பேரு விழுந்துட்டா கல்லை நட்டுருவாங்கல்ல. கடம்பன் அதைக் கண்டுபிடிக்குறது உளி சத்தத்துல. டக் டக்னு ஒரே சீரா வர்ற சத்தம் ஒரு தடவ தப்புது, அடுத்த அடி விரல்ல விழுது, நல்லன் மூச்சு கூட விடாம கையை வேட்டிக்குள்ள மறைச்சுக்குறான். மறுநாள்லேருந்து கடம்பன் வாசலோட நின்னுக்குறான்.

எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இன்னொண்ணு இருக்கு. நெஞ்சுல தச்ச அம்பை எவ்ளோ பெருசா செதுக்கட்டும்னு நல்லன் கேக்குறான். “சின்னதாவே போடுய்யா, எங்காத்தா பார்க்க வரும்”ங்குறான் கடம்பன். அந்த இடத்துலதான் நல்லன் மனசு விழுந்துச்சுன்னு வச்சிருக்கேன், அதுக்கு மேல ஒரு வரி விளக்கம் கூட எழுதல.

நாயும் உண்டு. மகேந்திரவர்மன் காலத்து எடத்தனூர் நடுகல்ல கோவிவன்ங்குற நாயையும் சேர்த்து செதுக்கியிருக்காங்க, கள்ளனைக் கடிச்சு காவல் நின்னுச்சுன்னு வட்டெழுத்துங்குற பழைய எழுத்துல பேரோட பொறிச்சிருக்காங்க, அதைப் படிச்சப்புறம் கடம்பனைத் தனியா விட மனசே வரல.

முடிவு புறநானூத்துப் புலவர் பொத்தியார்கிட்டேருந்து எடுத்தது. வடக்கிருந்து, அதாவது வடக்கு பார்த்து உக்காந்து பட்டினி கிடந்து செத்த கோப்பெருஞ்சோழனோட நடுகல் முன்னாடி நின்னு என் இடம் எதுன்னு கேக்குறார், கல்லாகியும் சோழன் அவருக்கு இடம் குடுத்தான்னு அடுத்த பாட்டு சொல்லுது. நல்லனும் வயசாகி, தடவித் தடவி நடந்து வந்து அதே கேள்வியைக் கேப்பான், கல்லு நகர்ந்து இடம் விடும். எழுதப்போற அடுத்தது நடுதல், ஊரே கூடி மயில்பீலி சூட்டி கள்ளு வைக்குற நேரத்துல, பேரோட கடைசி எழுத்தை நல்லன் கையைப் புடிச்சு கடம்பனே வெட்டுறான்.