பைக்கற்றும் ரின்னும்: எதை வீட்டில் செய்யலாம், எதை விட்டுவிடலாம்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தால் மலிவு என்று சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். தக்காளி சோஸ் காய்ச்சப் போனால், தக்காளி விலை விழுந்த கிழமையில் தவிர, போத்தல் விலையைத் தாண்டிவிடும். இடியப்ப மாவுக்கும் அரிசி ஊறப்போட்டு, மில்லுக்கு அலைந்து, வறுத்து, அரிக்க அரை நாள் போகும். வேலைக்குப் போகிறவர்கள் கடை மாவை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் கறித்தூள், தேங்காய்ப்பால், ரின் மீன் மூன்றுக்கும் திருகோணமலையில் இருந்துகொண்டு கடைக்காரருக்குக் காசு கொடுப்பது வீண்.

முதலில் தூள். செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100, நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, கறிவேப்பிலை இரண்டு பிடி. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடவே தூள் கிடைக்கும். விலையை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். 50 கிராம் பைக்கற்றாக வாங்குகிறவர்கள்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலிலேயே சரக்கு நன்றாகக் காய்ந்துவிடும். மாரியில் அது நடக்காது. மெல்லிய நெருப்பில் சட்டியில் போட்டுத்தான் ஈரத்தை எடுக்க வேண்டும். எப்போதும் ஒவ்வொன்றாகவே வறுங்கள். மல்லியைக் கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். மிளகு, இரண்டு சீரகமும் சூடேறி மணம் வந்ததும் போதும். அதற்கு மேல் நின்றால் மணம் சட்டியோடு போய்விடும். வெந்தயத்தில்தான் பலர் கெடுப்பார்கள். இளம் பொன்னிறத்தில் இறக்காமல் சிவக்க விட்டால் முழுத் தூளும் கசக்கும், பிறகு திருத்த வழியில்லை. கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை வறுபட வேண்டும், ஈரம் மிஞ்சினால் தூள் பூசணம் பிடிக்கும். மிளகாயைக் கடைசியாக, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வறுத்தால் நெடி குறையும். கறுக்க விடாதீர்கள். மஞ்சள் கட்டியை உரலில் இடித்துவிட்டே கிரைண்டரில் போட வேண்டும், இல்லாவிட்டால் பிளேட் போய்விடும்.

மில்லுக்குக் கொண்டுபோனால் முதல் பிடித் தூளைத் தனியாக வையுங்கள். உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் சரக்கு அதில் கலந்திருக்கும். அரைத்த தூள் சுடச்சுட வரும். அகன்ற தட்டில் பரப்பி முழுதாக ஆறிய பிறகே போத்தலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும். கொதிக்கும் கறிக்கு மேலே போத்தலைச் சரித்துக் கொட்டுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். பூசண வாடை வந்த தூளை அரித்துவிட்டுப் பாவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சில பூசணங்களின் நஞ்சு சமையல் சூட்டில் அழியாது. கொட்டிவிடுங்கள்.

தேங்காய்ப்பால் மாவின் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் மாச்சத்தில் இருந்து எடுக்கும் மோல்ற்றோடெக்ஸ்ட்ரினும், பசுப்பாலில் இருந்து எடுக்கும் கேசினேற்றும் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீட்டில் நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் திருவி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு கப் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் முதற்பால். இன்னும் ஒன்றரைக் கப் விட்டால் இரண்டாம் பால். பிரிட்ஜில் இருந்து எடுத்த தேங்காய்ப்பூவைக் குளிர்ந்த தண்ணீரில் பிழிந்தால் பால் தண்ணீராகத்தான் வரும். தேங்காயின் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடுவதே காரணம். சொதியில் இரண்டாம் பாலில் காயை அவித்து, முதற்பாலைக் கடைசியாக விட்டு, அகப்பையால் ஆற்றிக்கொண்டே ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது விட்டால் திரையும். மிஞ்சிய பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். உருகும்போது பிரிந்து நிற்கும், இளஞ்சூட்டில் வைத்துக் கலக்கினால் சேர்ந்துவிடும்.

ரின் மீனில் எடையை இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள்: சாற்றோடு ஒன்று, வடித்த பிறகு ஒன்று. நீங்கள் சாப்பிடுவது இரண்டாவதைத்தான். சல்லி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுபடும் காலத்தில் சாளை, சூடை, கீரி போன்ற சின்ன மீன்கள் மலிவாகவே கிடைக்கும். அரைக் கிலோவைத் தலை, குடல், செதில் நீக்கிக் கழுவி, பிரஷர் குக்கரில் அடுக்குங்கள். பெரிய தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்த கெட்டிச் சாறு அரைக் கப், தண்ணீர் ஒரு கப், உப்பு ஒரு தேக்கரண்டி, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, ரம்பை ஒரு துண்டு. முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து 35 முதல் 40 நிமிடம் விடுங்கள். முள் விரலால் நசுங்கும் பதம் வர வேண்டும். ரின் மீனில் முள்ளோடு கிடைக்கும் கல்சியம் இதிலும் கிடைக்கும். ஆவி தானாக அடங்கட்டும். அவசரத்தில் விசிலைத் தூக்கினால் மீன் சிதையும். பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். போத்தலில் அடைத்து வெளியே வைக்கக் கூடாது, ரின்னைப் போல அது கிருமி நீக்கப்பட்டதல்ல.

மீன் வாங்கிய கையோடு ஐஸில் வையுங்கள். இந்தச் சின்ன மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருள் கூடும். அவித்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பு கடிப்பது அதனால்தான்.

வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் மீன் விலை ஏறும். அப்போது ரின்னை வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சூப் கட்டியை மட்டும் எந்தக் காலத்திலும் வாங்கத் தேவையில்லை. அதில் பெரும்பங்கு உப்புத்தான். மீன் தலை, வெங்காயம், மிளகு போட்டு 20 நிமிடம் அவித்து வடித்தால் அந்த வேலை முடிந்தது.