கார்பசோல் நாட்குறிப்பு

மார்ச் 4

புது மூலக்கூறு படிகமாகிவிட்டது. ஒரு பக்கம் கார்பசோல், மறுபக்கம் பென்சோபீனோன், இரண்டுமே வளைய வடிவக் கரிமச் சேர்மங்கள். 365 நானோமீட்டர் யூவி டார்ச்சைக் கொஞ்ச நேரம் காட்டி அணைத்தால் குப்பியின் அடியில் மஞ்சள் ஒளி தங்கி, மெதுவாக மங்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

எதிர்பார்த்ததும் இதைத்தான். பென்சோபீனோனில் கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) இருப்பதால், ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரான் தன் ஸ்பினை (காந்தத் திசை போன்ற பண்பு) மாற்றிக்கொண்டு சிங்லெட் என்ற நிலையிலிருந்து ட்ரிப்லெட் என்ற நிலைக்குச் சுலபமாகத் தாவும். அங்கிருந்து கீழே இறங்க ஸ்பின் மறுபடி மாற வேண்டும், அதுதான் தாமதம். படிகம் மூலக்கூறை இறுக்கிப் பிடித்திருப்பதால் ஆற்றல் வெப்பமாக வீணாவதும் குறைகிறது.

மார்ச் 6

என்எம்ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் காந்தச் சோதனை) சுத்தமாக இருக்கிறது. ஆனால் அரை சதவீதத்துக்கும் கீழே ஒளிந்திருப்பதை என்எம்ஆரில் தவறவிடுவது சுலபம், எனக்கு அந்தக் கவலைதான். 2021 நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வந்த, சிங்கப்பூரின் பின் லியு குழுவினரது கட்டுரையைத் திரும்பப் படித்தேன். கடையில் வாங்கும் கார்பசோல் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. அதில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக பென்சோ[எஃப்]இண்டோல் என்ற மாற்றியம் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) கலந்திருந்தது. அவர்களே தயாரித்த கார்பசோலைப் பயன்படுத்தியபோது நீண்ட ஒளிர்வு கிட்டத்தட்ட போய்விட்டது. மாற்றியத்தைச் சேர்த்ததும் திரும்பி வந்தது. அதுவரை பலரும் படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதத்தையே காரணமாகச் சொல்லிவந்தார்கள். இத்துறையில் இதைவிட முக்கியமான எச்சரிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

மார்ச் 14

சரி, கார்பசோலை நானே செய்துவிடுவது. 2-நைட்ரோபைபீனைலும் ட்ரைபீனைல்பாஸ்பீனும் டைகுளோரோபென்சீனில் இரவெல்லாம் கொதித்தன. வினை நன்றாகவே நடந்தது. கூடவே உண்டான பாஸ்பீன் ஆக்சைடை விரட்டுவதற்குள்தான் உயிர் போய்விட்டது.

மார்ச் 25

அதே மூலக்கூறு, சொந்தக் கார்பசோலில். டார்ச்சை அணைத்ததும் ஒரு மினுக்கு, அவ்வளவுதான்.

மார்ச் 28

மாற்றியத்தையும் அதே பென்சோபீனோனோடு இணைத்து, துளியளவு சேர்த்துக் கரைத்துப் படிகமாக்கினேன். மஞ்சள் ஒளி வந்துவிட்டது!

அப்படியானால் வடிவமைக்க வேண்டியது ஒற்றை மூலக்கூறை அல்ல, ஒரு ஜோடியை. 2017-இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் கபேயும் அடாச்சியும் தெரிந்தே இதைச் செய்தார்கள்: ஒரு சதவீத டிஎம்பி (எலக்ட்ரானைத் தரும் மூலக்கூறு), மீதி பிபிடி (அதை வாங்கும் மூலக்கூறு), ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஒளிர்வு. அங்கே எலக்ட்ரான் டிஎம்பியை விட்டுப் பிபிடிக்குள் அலைந்து திரும்புவதால்தான் அத்தனை தாமதம். என் படிகத்திலும் மின்சுமை பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒளி மங்கும் வளைவை லாக்-லாக் தாளில் (இரு அச்சும் மடக்கை அளவில்) போட்டால், நேர்கோடு வருகிறதா என்பதிலிருந்து முதல் துப்பு கிடைக்கும்; வந்தால் மின்சுமை பிரிகிறது என்று சந்தேகிக்கலாம். திங்கட்கிழமை கருவி காலியாக இருக்கிறது, பெயர் எழுதிவிட்டேன்.